வெப்பப் பதப்படுத்தலும் மெல்லிய உலோகக் கம்பிகளின் காந்தப் பண்புகளும்: உப்பூர் – பாம்பன் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே உலோகத்தால் ஆன, ஒரே விட்டமும் நீளமும் கொண்ட இரு கம்பிகள் காந்தப் புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்ளக்கூடும். இவ்வேறுபாட்டுக்கு அவற்றின் வேதியியல் இயைபு காரணமன்று. அவை கடந்து வந்த வெப்பமும் இழுவிசையுமே காரணம். கம்பி இழுக்கப்படும்போது அதனுள் தங்கும் தகைவும் படிகக் குறைபாடுகளும் காந்தப் பண்புகளை எவ்வாறு மாற்றுகின்றன, வெப்பப் பதப்படுத்தல் அவற்றை எவ்வாறு திருத்துகிறது, எந்நிலையில் அதே வெப்பம் எதிர்விளைவைத் தருகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வெப்பத்தால் மாறும் காந்த அளவுகளையும் மாறாத காந்த அளவுகளையும் பிரித்தறியாமல், உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கம்பிவடங்களின் நலத்தைக் காந்த முறையில் மதிப்பிட இயலாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வெப்பப் பதப்படுத்தல், காந்த நீக்குத்திறன், உட்புகுதிறன், தகைவு, படிகமற்ற கம்பி, காந்தவழிச் சோதனை, உப்பூர், பாம்பன்.

முன்னுரை

இராமநாதபுரத்திலிருந்து தொண்டி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் நீரிணையை ஒட்டி உப்பூர் அமைந்துள்ளது. இங்குள்ள வெயிலுகந்த விநாயகர் கோயிலைத் தேவிபட்டினம், இராமேசுவரம் செல்லும் அடியவர்கள் அறிவர். ஊரின் பெயரில் உப்பும் இறைவனின் பெயரில் வெயிலும் இருப்பதுபோல், இக்கடற்கரையில் நிறுவப்படும் எந்த இரும்புப் பொருளும் இவ்விரண்டையும் எதிர்கொண்டே நிற்க வேண்டும். உப்பூருக்குத் தெற்கே, மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது முதல் துருவோடு போராடியே நின்றது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள செங்குத்துத் தூக்குப் பகுதி உள்ளது. அப்பகுதியின் எடையை எதிரெடைகளோடு இணைத்து ஏற்றி இறக்குபவை எஃகுக் கம்பிவடங்கள்.

கம்பிவடம் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளின் முறுக்கு. வெளியே தெரியும் கம்பி பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருக்கும் கம்பி அரிக்கப்பட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அக்குறையை வடத்தைப் பிரிக்காமல் அறியப் பயன்படும் வழிகளுள் முதன்மையானது காந்தவழிச் சோதனை. ஆனால் காந்தக் கருவி காட்டும் எண் துருவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கம்பி உருவான உலை, அது இழுக்கப்பட்ட அச்சு, பின்னர் அதன்மேல் பட்ட தீப்பொறி ஆகிய அனைத்தையும் பற்றிச் சேர்த்தே பேசுகிறது. அந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டுமெனில், வெப்பம் கம்பியின் காந்தத் தன்மையை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1. காந்தப் பகுதிகளும் அவற்றின் எல்லைச் சுவர்களும்

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய உலோகங்களில் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் தாமாகவே ஒரே திசையில் அணிவகுக்கின்றன. ஆயினும் உலோகம் முழுவதும் ஒரே திசையில் காந்தமாவதில்லை. டொமைன் எனப்படும் சிறு பகுதிகளாக அது பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்கிறது. 1907-இல் பியர் வெய்ஸ் முன்வைத்த இக்கருத்தே, இரும்புத் துண்டு ஒன்று வெளிப்பார்வைக்குக் காந்தமற்றதாகத் தோன்றுவதை விளக்கியது.

வெளிப்புலம் செலுத்தப்படும்போது, அப்புலத்தின் திசையில் உள்ள பகுதிகள் பெருகுகின்றன, ஏனையவை குறுகுகின்றன. அதாவது பகுதிகளுக்கு இடையிலான எல்லைச் சுவர்கள் நகர்கின்றன. சுவர் தடையின்றி நகர்ந்தால் சிறு புலமே பெருங்காந்தத்தை உண்டாக்கும். அக்கம்பியின் உட்புகுதிறன் உயர்வு, காந்த நீக்குத்திறன் தாழ்வு. சுவர் வழியில் சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கப் பெரும்புலம் வேண்டும். காந்தம் ஏறுவதும் கடினம், ஏறியது இறங்குவதும் கடினம். முன்னதை மென்காந்தம் என்றும் பின்னதை வன்காந்தம் என்றும் வழங்குவர்.

சுவர் சிக்கிச் சிக்கி விடுபடுவதை 1919-இல் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் காதால் கேட்கச் செய்தார். இரும்பைச் சுற்றிய சுருளை மிகைப்பியுடன் இணைத்து, புலத்தை மெல்ல மாற்றியபோது ஒலிபெருக்கியில் படபடவெனும் ஓசை எழுந்தது. சுவர் ஒவ்வொரு தடையிலிருந்தும் திடீரென விடுபட்டுத் தாவும்போது எழும் மின்துடிப்பே அவ்வோசை. எனவே காந்தப் பண்பை ஆராய்வது என்பது, பெரும்பாலும் சுவரின் பாதையில் உள்ள தடைகளை ஆராய்வதே ஆகும்.

இவ்வாய்வுக்குக் கம்பி வடிவம் தொடக்கத்திலேயே பயன்பட்டது. 1878 முதல் 1883 வரை டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங், இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் கொண்டு செய்த சோதனைகளின் வழியாகவே காந்தத் தயக்கம் என்னும் கருத்துக்குப் பெயரும் வடிவமும் தந்தார். நீளம் விட்டத்தைப்போல் சில நூறு மடங்கு இருக்கும்போது கம்பியின் முனைகளில் தோன்றும் எதிர்ப்புலம் மிகக் குறைந்துவிடும். எனவே கம்பியில் அளப்பது பெரும்பாலும் உலோகத்தின் இயல்பாகவே அமையும். வடிவத்தின் குழப்பம் குறைவு.

2. இழுத்தல் விட்டுச்செல்லும் சுவடு

பொற்கொல்லர் கம்பியச்சின் துளைகள் வழியே உலோகத்தை இழுக்கும்போது, சில துளைகளைக் கடந்ததும் கம்பி விறைத்துவிடுவதைக் கைப்பட உணர்கிறார். அதை நெருப்பில் காட்டி ஆற்றிய பின்னரே அடுத்த துளைக்குச் செலுத்துகிறார். ஆலைகளில் நடப்பதும் இதே செயலின் விரிவுதான். 1 மி.மீ. விட்டமுள்ள கம்பியை 0.1 மி.மீ. விட்டத்துக்கு இழுத்தால் அதன் நீளம் 100 மடங்காகிறது. இவ்வளவு பெரிய உருமாற்றத்தை உலோகம் சுவடின்றி ஏற்பதில்லை.

அச்சுவடுகள் மூன்று. முதலாவது, டிஸ்லொகேஷன் எனப்படும் அணிவரிசைப் பிறழ்வுகள் பெருகுதல். அணுக்களின் ஒழுங்கான வரிசையில் ஏற்படும் இப்பிறழ்வுகள் ஒன்றையொன்று தடுத்துப் பின்னிக்கொள்வதாலேயே கம்பி விறைக்கிறது. காந்தச் சுவர்களையும் இவையே பிடித்து நிறுத்துகின்றன. இரண்டாவது, எஞ்சிய தகைவு. கம்பியின் புறப்பகுதியும் உட்பகுதியும் அச்சினுள் ஒரே அளவில் நீள்வதில்லை. எனவே இழுத்து முடிந்த பின்னும் ஒன்று மற்றொன்றை இழுத்தபடியும் அழுத்தியபடியும் இருக்கின்றன. மூன்றாவது, திசைச்சார்பு. படிகமணிகள் கம்பியின் அச்சை நோக்கி ஒரே போக்கில் திரும்பி நீள்கின்றன.

தகைவு காந்தத்தைப் பாதிப்பது எவ்வாறு? காந்தமாகும்போது உலோகம் தன் நீளத்தை மிகச் சிறிதளவு மாற்றிக்கொள்கிறது. நிக்கல் முழுக் காந்தநிலையில் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 34 பங்கு சுருங்குகிறது. காந்தம் நீளத்தை மாற்றுமெனில், நீளத்தை மாற்ற முயலும் தகைவும் காந்தத்தின் திசையை மாற்றும். நிக்கல் கம்பியை இழுத்துப் பிடித்தால் அச்சுவழிக் காந்தமாக்கம் கடினமாவதும், நீளும் இயல்புடைய உலோகக் கலவைகளில் அதே இழுவிசை காந்தமாக்கத்தை எளிதாக்குவதும் இதனால்தான்.

இத்தொடர்பின் ஆற்றலடர்த்தி, பரிமாண மாற்றக் கெழுவையும் தகைவையும் பெருக்கி வரும் தொகையின் ஒன்றரை மடங்கு. கெழு பத்து இலட்சத்தில் 30 பங்காகவும், தகைவு 100 மெகாபாஸ்கலாகவும் இருப்பின் அது கன மீட்டருக்கு 4,500 ஜூல் ஆகும். கெழு பத்து இலட்சத்தில் 0.1 பங்காக மட்டும் இருப்பின், அதே தகைவு 15 ஜூலையே தரும். இம்முந்நூறு மடங்கு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், ஒரே வெப்பப் பதப்படுத்தல் ஒரு கம்பியைப் பெரிதும் மாற்றி, மற்றொன்றைச் சிறிதளவே தொட்டுவிட்டுப் போவது ஏன் என்பது விளங்கும்.

3. வெப்பம் செய்யும் மூன்று பணிகள்

அனீலிங் எனத் தொழிற்கூடங்களில் வழங்கும், காய்ச்சி மெல்ல ஆற்றும் முறையில் வெப்பம் மூன்று படிகளில் செயல்படுகிறது. இழுத்த இரும்புக் கம்பியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதற்படி மீட்சி. சில நூறு பாகை வெப்பத்தில் அணுக்கள் சிறிது நகரும் வலிமை பெறுகின்றன. பின்னிக்கிடந்த பிறழ்வுகளில் எதிரெதிரானவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எஞ்சிய தகைவு தளர்கிறது. படிகமணிகளின் வடிவம் இப்போது மாறுவதில்லை. விறைப்பும் பெரிதாகக் குறைவதில்லை. எனினும் காந்த அளவுகளில் மாற்றம் தெரியத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாம்படி மீள்படிகமாதல். இழுவையின் அளவையும் தூய்மையையும் பொறுத்து, இரும்பில் இது ஏறத்தாழ 450 முதல் 650 பாகை செல்சியசில் நிகழ்கிறது. சிதைந்த பழைய மணிகளுக்கு இடையே பிறழ்வு குறைந்த புதிய மணிகள் முளைத்துப் பரவுகின்றன. காந்த நீக்குத்திறனில் பெருவீழ்ச்சி ஏற்படுவது இந்நிலையில்தான்.

மூன்றாம்படி மணி வளர்ச்சி. வெப்பம் மேலும் தொடர்ந்தால் பெரிய மணிகள் சிறியவற்றை விழுங்கி வளர்கின்றன. மணிகளின் எல்லையும் சுவருக்கு ஒரு தடையாதலால், எல்லைகள் குறையக் குறையக் காந்த நீக்குத்திறனும் குறைகிறது. வழக்கமான அளவுள்ள மணிகளில் அது மணியின் விட்டத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமைகிறது. ஆயினும் இரும்பை 912 பாகைக்கு மேல் ஏற்றினால் அதன் படிக அமைப்பே மாறிவிடும். ஆறும்போது மீண்டும் பழைய அமைப்புக்குத் திரும்புகையில், வளர்த்த மணிகள் உடைந்து புதியன தோன்றும். எனவே மென்காந்தம் நாடுவோர் பெரும்பாலும் அவ்வெல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றனர்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். இரும்பு 770 பாகையில் தன் காந்தத்தை இழந்துவிடுகிறதே, அவ்வெப்பத்துக்கு மேல் சென்று திரும்பினால் என்னாகும்? கியூரி வெப்பநிலை எனப்படும் அவ்வெல்லையைத் தாண்டும்போது அணிவகுப்பு கலைகிறது. குளிரும்போது மீண்டும் தோன்றுகிறது. அணிவகுக்கும் ஆற்றல் அழிவதில்லை. முன்பு ஏற்றிவைத்த காந்தம் மட்டுமே அழிகிறது. ஆகவே முழுக் காந்தநிலையில் இரும்பு தரும் ஏறத்தாழ 2.15 டெஸ்லா என்னும் அளவு, இழுத்த கம்பிக்கும் ஆற்றிய கம்பிக்கும் ஒன்றே. வெப்பத்தால் மாறுவது அவ்வளவை எட்டும் வழியின் எளிமையே.

இம்முடிவு முதன்மையானது. காந்த அளவுகள் இருவகைப்படும். நிறை காந்தநிலை, கியூரி வெப்பநிலை ஆகியன உலோகத்தின் இயைபைச் சார்ந்தவை. பதப்படுத்தலால் பெரிதும் மாறாதவை. உட்புகுதிறன், காந்த நீக்குத்திறன், காந்தத் தேக்குத்திறன், பார்க்ஹௌசன் துடிப்பு ஆகியன உள்ளமைப்பைச் சார்ந்தவை. வெப்பத்தின் ஒவ்வொரு பாகையையும் நினைவில் வைத்திருப்பவை.

4. ஆற்றுவது எப்போதும் மென்மை தருமா?

‘காய்ச்சி ஆற்றினால் கம்பி மென்காந்தமாகும்’ என்பதைப் பொதுவிதியாகக் கொள்வது பிழை. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது பெர்மல்லாய். நூற்றுக்கு 78 பங்கு நிக்கலும் எஞ்சியது இரும்புமாகிய இக்கலவையை மெல்ல ஆற்றினால், எதிர்பார்ப்புக்கு மாறாக அதன் உட்புகுதிறன் குறைந்துவிடும். மெல்லக் குளிரும்போது நிக்கல், இரும்பு அணுக்கள் தமக்குரிய இடங்களில் வரிசையாக அமர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். ஏறத்தாழ 600 பாகையிலிருந்து விரைந்து குளிர்வித்தால் அவ்வரிசை அமையாது. உட்புகுதிறன் பல மடங்கு உயரும். 1923-இல் ஆர்னால்டும் எல்மனும் வெளியிட்ட இம்முறை ‘பெர்மல்லாய் பதப்படுத்தல்’ என்றே பெயர்பெற்றது. 1924-இல் நியூயார்க்கையும் அசோர்ஸ் தீவுகளையும் இணைத்த கடலடித் தந்திவடத்தில், செப்புக் கடத்தியின்மேல் பெர்மல்லாய்ப் பட்டையைச் சுற்றிய பின்னரே வெப்பப் பதப்படுத்தல் செய்தனர். முன்கூட்டியே பதப்படுத்தியிருந்தால், சுற்றும்போது ஏறும் தகைவு பெற்ற பயனைக் கெடுத்திருக்கும்.

இரண்டாவது கார்பன் மிகுந்த எஃகு. செஞ்சூட்டில் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டு படிகத்தை இறுக்குகின்றன. கொல்லர் பட்டறையில் தோய்ச்சல் எனப்படும் இச்செயலால் அரிவாளின் வாய் விறைப்பதும், பழங்காலத் திசைகாட்டி ஊசி காந்தத்தை நெடுநாள் தாங்குவதும் ஒரே காரணத்தால்தான். தூய இரும்பை நன்கு ஆற்றினால் காந்த நீக்குத்திறன் மீட்டருக்கு 80 ஆம்பியர் அளவில் இருக்கும். தோய்ச்சலேற்றிய கார்பன் எஃகில் அது 4,000 ஆம்பியர் அளவை எட்டும். தோய்த்ததை மீண்டும் மிதமாகச் சூடேற்றினால் கார்பன் நுண்ணிய கார்பைடுகளாகப் பிரிந்து, இரு விறைப்பும் ஒருசேரத் தளரும்.

மூன்றாவது விக்கல்லாய். இரும்பு, கோபால்ட், வனேடியம் சேர்ந்த இக்கலவையைக் கம்பியாக இழுத்து ஏறத்தாழ 600 பாகையில் வைத்தால் அது வன்காந்தமாகிறது. வெப்பம் அதனுள் புதிய நிலைகளைப் பிரித்தெடுத்துச் சுவர்களுக்குத் தடை சேர்க்கிறது. ஆக வெப்பம் தடைகளை நீக்கவும் செய்யும், உண்டாக்கவும் செய்யும். எது நிகழும் என்பதை இயைபும், எட்டிய வெப்பநிலையும், குளிர்ந்த வேகமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

5. படிகமற்ற கம்பிகள்

உருகிய உலோகத்தை விநாடிக்கு இலட்சம் பாகை அளவிலான வேகத்தில் குளிர்வித்தால், அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளும் முன்பே உறைந்துவிடுகின்றன. சுழலும் கலத்தில் உள்ள நீரினுள் உருகிய உலோகத் தாரையைப் பாய்ச்சி 100 மைக்ரோமீட்டரைச் சற்றே கடந்த விட்டமுள்ள கம்பிகளும், கண்ணாடிக் குழாயோடு சேர்த்து உருக்கி இழுத்துச் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரையிலான உலோக உள்ளீடு கொண்ட நுண்கம்பிகளும் உருவாக்கப்படுகின்றன. இந்தியாவில் ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகம் இத்தகைய காந்தக் கம்பிகளிலும் அவற்றால் ஆகும் உணரிகளிலும் ஆய்வு மேற்கொண்டு வந்துள்ளது.

படிகமே இல்லாததால் படிகமணி எல்லையும் இல்லை, படிகத் திசைச்சார்பும் இல்லை. தகைவுக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவே இங்கு முழு ஆட்சி செலுத்துகிறது. புறப்பகுதி முதலில் உறைந்து உட்பகுதி பின்னர் உறைவதால், கம்பி பிறக்கும்போதே தகைவோடு பிறக்கிறது. நீளும் இயல்புடைய இரும்புக் கலவைக் கம்பியின் உட்பகுதி அச்சுவழியே காந்தமாகி, ஒரு வரம்புப் புலத்தில் ஒரே தாவலில் திசைமாறுகிறது. சுருங்கும் இயல்பு மிகச் சிறிதே உள்ள கோபால்ட் கலவைக் கம்பியின் புறப்பகுதியில், காந்தப் பகுதிகள் மூங்கில் கணுக்கள்போல் வளையங்களாக அமைகின்றன.

இவ்வளையக் காந்தம் 1994-இல் பெரிதும் கவனம் பெற்றது. இத்தகைய கம்பியில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் செலுத்தும்போது, சிறு வெளிப்புலமே அதன் மின்மறுப்பைப் பெரிதும் மாற்றுவது அப்போது அறியப்பட்டது. மாறுமின்னோட்டம் கம்பியின் புறப்பரப்பை ஒட்டியே ஓடும்; அது ஓடும் ஆழம் உட்புகுதிறனைப் பொறுத்தது. மின்தடை எண் 1.3 மைக்ரோஓம் மீட்டர், அதிர்வெண் 1 மெகாஹெர்ட்ஸ் எனக் கொண்டால், சார்பு உட்புகுதிறன் 1,000 ஆக இருக்கும்போது அவ்வாழம் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர்; 10,000 ஆகும்போது 5.7 மைக்ரோமீட்டர். மின்னோட்டம் ஓடும் இடம் சுருங்க, மின்மறுப்பு உயர்கிறது.

இவ்விளைவைக் கூர்மையாக்குவது வெப்பப் பதப்படுத்தலே. உலையில் வைப்பதோடு, கம்பியினூடே மின்னோட்டம் செலுத்தி அதனாலேயே சூடேற்றும் முறையும் உண்டு. 60 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கம்பியில் 100 மில்லிஆம்பியர் ஓடினால், அதன் புறப்பரப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 265 ஆம்பியர் அளவுள்ள வளையப் புலம் எழுகிறது. வெப்பம் தகைவைத் தளர்த்தும் அதே வேளையில் புலம் காந்தத்தை வளையத் திசையில் பழக்குகிறது. கம்பி ஆறிய பின்னும் அப்பழக்கம் நிலைக்கிறது.

ஆனால் எல்லை குறுகியது. 500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இக்கலவைகள் பல படிகமாகத் தொடங்கும். படிகமானால் கம்பி நொறுங்கும். மென்காந்தத் தன்மையும் பெரும்பாலும் கெடும். இதற்கு விதிவிலக்கு 1988-இல் யோஷிசாவாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட இரும்புக் கலவை. செம்பும் நியோபியமும் சிறிதளவு சேர்ந்த அது, ஏறத்தாழ 550 பாகையில் 10 முதல் 15 நானோமீட்டர் அளவுள்ள மணிகளாகப் படிகமாகி முன்னினும் மென்மையாகிறது. மணிகள் அவ்வளவு சிறியனவாகும்போது காந்தம் அவற்றைத் தனித்தனியே உணராமல், பல மணிகளின் சராசரியையே உணர்கிறது.

6. உப்பூரின் புவிக்காந்தப் புலமும் அளவீடும்

மென்காந்தக் கம்பியை ஆராயும்போது சோதனைக்கூடம் அமைந்த இடமும் கணக்கில் வரும். புவிக்காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் உப்பூர்ப் பகுதியில் புவிப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கி அமைகிறது. அதன் அளவு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அதாவது மீட்டருக்கு 32 ஆம்பியர். பதப்படுத்திய பெர்மல்லாயின் காந்த நீக்குத்திறன் 4 ஆம்பியர் அளவினது. ஆகவே மேசைமேல் வடக்குத் தெற்காகக் கிடத்திய பெர்மல்லாய்க் கம்பி, சோதனை தொடங்கும் முன்பே புவியால் காந்தமாக்கப்பட்டிருக்கும். அதே கம்பியைக் கிழக்கு மேற்காகக் கிடத்தினால் அச்சுவழிப் புலம் ஏறக்குறைய இல்லாமலாகும். வட நாட்டு ஆய்வகங்களில் கீழ்நோக்கிய கூறும் சேர்ந்து கம்பியைத் தாக்கும். இக்கடற்கரையில் அக்கூறு மிகச் சிறிது. இது தென் தமிழகத்தின் கல்லூரி ஆய்வகங்களுக்கு இயற்கை அளித்த ஒரு வசதி.

அதே நுண்மை புவிப்புலத்தை அளக்கவும் உதவுகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் நடத்தும் ஆய்வகம், புவிக்காந்த நடுக்கோட்டை ஒட்டி வான்மண்டலத்தில் ஓடும் மின்தாரையின் விளைவுகளை ஆராய்கிறது. நண்பகலை ஒட்டி அத்தாரை தரைப்புலத்தில் உண்டாக்கும் ஏற்றம் பல பத்து நானோடெஸ்லா முதல் நூறு நானோடெஸ்லா அளவினது. மொத்தப் புலத்தில் நானூற்றில் ஒரு பங்கே. இத்தகைய அளவீட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஃபிளக்ஸ்கேட் காந்தமானியின் இதயம் பெர்மல்லாய் போன்ற மென்காந்த உள்ளகம். சுவர்கள் தாவித் தாவி நகர்ந்தால், அவை எழுப்பும் இரைச்சலில் வானத்தின் செய்தி மூழ்கிவிடும். உள்ளகத்தின் வெப்பப் பதப்படுத்தலே அவ்வோசையை அடக்குகிறது.

7. கடற்கரைக் கம்பிவடங்கள்: எந்த எண் எதைச் சொல்கிறது?

இனி முன்னுரையில் எழுந்த வினாவுக்குத் திரும்பலாம். கம்பிவடங்களுக்கும் முன்தகைவுக் காங்கிரீட்டுக்கும் பயன்படும் கம்பி, ஏறத்தாழ 0.8 விழுக்காடு கார்பன் கொண்ட எஃகு. முதலில் 900 பாகைக்கு மேல் சூடேற்றி, 500 பாகையைச் சற்றே கடந்த ஈயக் குழம்பில் குளிர்வித்து, இரும்பும் கார்பைடும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி அமையுமாறு செய்கின்றனர், பின்னர் இழுக்கின்றனர். முன்தகைவுக் கம்பியை இறுதியில் ஏறத்தாழ 350 முதல் 400 பாகையில் சிறிது நேரம் வைத்துத் தகைவு தளர்த்துகின்றனர். இதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1,500 நியூட்டனுக்கு மேற்பட்டது. சாதாரணக் கட்டட எஃகைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அவ்வலிமை முழுவதும் வெப்பமும் இழுவையும் சேர்ந்து தந்தது. ஆகவே, தவறான வெப்பம் அதைப் பறித்துவிடவும் கூடும்.

கடற்கரையில் இக்கம்பிக்கு இருவகைக் கேடு நேரலாம். ஒன்று துரு. உலோகம் குறைந்து, அவ்விடத்தில் பெரும்பாலும் காந்தத்தன்மை மிகக் குன்றிய துருக்கூட்டு எஞ்சும். மற்றொன்று தீ அல்லது பற்றவைப்புப் பொறி. மின்வில் ஒரு நொடி கம்பியைத் தொட்டால் தொட்ட புள்ளி செஞ்சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகத்தால் உடனே தணிந்து, தோய்ச்சலேறிய நொறுங்கு நிலையை அடைகிறது. அங்குக் காந்த நீக்குத்திறன் உயர்கிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, கம்பி ஆற்றப்பட்டு வலிமை இழக்கிறது. அங்குக் காந்த நீக்குத்திறன் தாழ்கிறது. இரண்டும் ஆபத்தே. ஆயினும் இரண்டிலும் உலோகம் சிறிதும் குறையவில்லை. எடையும் விட்டமும் முன்போலவே இருக்கும்.

இவ்விரு கேடுகளையும் ஒரே காந்த அளவால் அறிய முயல்வதே பிழைக்கு வித்து. குறைந்த புலத்தில் உட்புகுதிறனை அளக்கும் கருவி, துருவால் ஏற்பட்ட இழப்பையும் வெப்பத்தால் ஏற்பட்ட மாற்றத்தையும், வடத்தின் இழுவிசை மாற்றத்தையும்கூட, ஒரே எண்ணில் கலந்து காட்டும். நல்ல கம்பி கெட்டதாகத் தோன்றலாம். கெட்ட கம்பியில் இரு விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து நல்லதாகத் தோன்றலாம். முதற்பிழை வீண்செலவு, இரண்டாம் பிழை உயிர்ச்சேதம்.

தீர்வு மூன்றாம் பகுதியில் கண்ட பாகுபாட்டில் உள்ளது. உலோக இழப்பை அறிய வேண்டுமெனில், வடத்தை நிறை காந்தநிலைக்கு ஏற்றும் வலிய புலத்தில் காந்தப் பாயத்தை அளத்தல் வேண்டும். அந்நிலையில் வெப்ப வரலாறு பெரிதும் மறைந்து, எஞ்சியுள்ள இரும்பின் குறுக்குப் பரப்பே பேசும். உடைந்த கம்பி இருக்குமிடத்தில் பாயம் வெளியே கசியும். வெப்பக் கேட்டை அறிய வேண்டுமெனில், உள்ளமைப்பைச் சார்ந்த அளவுகளை நாடுதல் வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் குரோமியம் – மாலிப்டினம் எஃகுகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு வழிகாட்டுகின்றன. தோய்ச்சலுக்குப் பின் நெடுநேரம் மிதச்சூட்டில் வைத்த எஃகில் பார்க்ஹௌசன் துடிப்பு இரு முகடுகளாகப் பிரிவதை அவை காட்டின. குறைந்த புலத்தில் தோன்றும் முகடு மணி எல்லைகளையும், அடுத்துத் தோன்றும் முகடு கார்பைடுகளையும் சுட்டும். அதாவது எஃகு எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு காலம் தாங்கியது என்பதை, அதை வெட்டாமலேயே ஓரளவு படிக்க முடியும்.

இவ்வகைச் சோதனைக்கு ஒப்பீடு இன்றியமையாதது. வடம் நிறுவப்படும்போதே அதே சுருளிலிருந்து வெட்டிய ஒரு துண்டைத் துருவேறாமல் காத்து, அதன் காந்த அளவுகளைப் பதிந்து வைத்தால், பின்னாளில் எடுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் அது உரைகல்லாகும். அது இல்லாதபோது, வேறோர் ஆலையில் வேறொரு வெப்பத்தில் பதமான கம்பியின் அளவைக் கொண்டு பாம்பன் கரையின் கம்பியை மதிப்பிட நேரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கடல்சார் அரிமான ஆய்வு நடத்தி வருகிறது. அரிமானத்துக்கு உட்படுத்தும் கம்பி மாதிரிகளின் காந்த அளவுகளையும் அவற்றின் வெப்ப வரலாற்றோடு சேர்த்துப் பதியும் வழக்கம் இக்கடற்கரையில் வேரூன்றுமானால், பாலங்களின் பராமரிப்புக்கு அது நேரடியாகப் பயன்படும்.

முடிவுரை

மெல்லிய கம்பியின் காந்தத்தன்மை அதன் இயைபால் மட்டும் அமைவதன்று. இழுவை அதனுள் பிறழ்வையும் தகைவையும் வைக்கிறது. வெப்பம் அவற்றை மீட்சி, மீள்படிகமாதல், மணி வளர்ச்சி என்னும் படிகளில் நீக்குகிறது. அதே வெப்பம், பெர்மல்லாயில் அணுவரிசையாகவும் எஃகில் தோய்ச்சலாகவும் விக்கல்லாயில் புதிய நிலைகளாகவும் தடைகளைச் சேர்க்கவும் செய்கிறது. படிகமற்ற கம்பிகளில் தகைவே முழு ஆட்சி செலுத்துவதால், பதப்படுத்தலின் எல்லை மேலும் குறுகுகிறது.

இவற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. வெப்பநிலை, காலம், குளிர்ந்த வேகம், சூழ்வளி, உடனிருந்த தகைவும் புலமும் ஆகியன குறிக்கப்படாத காந்த அளவு முழுமையான ஆய்வுத் தரவு ஆகாது; அதை எவரும் மீளச் செய்து சரிபார்க்க இயலாது. மேலும், வெப்பத்தால் மாறாத அளவைக் கொண்டு உலோக இழப்பையும், வெப்பத்தால் மாறும் அளவைக் கொண்டு உள்ளமைப்பின் கேட்டையும் அறிதலே முறை. உப்பும் வெயிலும் ஓயாத உப்பூர் – பாம்பன் கரையில் எஃகை நம்பிக் கடல் கடப்போரின் பாதுகாப்பு, இவ்விரு அளவுகளையும் குழப்பிக்கொள்ளாமல் படிக்கும் திறனையும் சார்ந்துள்ளது.